வெளியே வந்த நேரம்

பன்னிரண்டாவது கம்பெனியும் "சொல்லி அனுப்புறோம்" என்று சொன்ன பிறகு அவள் எண்ணுவதை நிறுத்திவிட்டாள்.

பதினாறு வருடம் பட்டாளத்தில் வெடிமருந்துக் கிடங்கைக் காத்தவள். வயது முப்பத்தொன்பது. ஓய்வு பெற்று வந்து, தங்கை வீட்டின் பின்னறையில் தங்கி, தொழிற்சாலைப் பாதுகாப்பில் பட்டப்படிப்பு சேர்ந்து, ஒருவழியாகக் கடைசி செமஸ்டர் வரை வந்திருந்தாள். வகுப்பில் இருந்தவர்களுக்கு அவள் வயதில் பாதிதான் இருக்கும். பட்டாளத்தக்கா என்று அவர்கள் வைத்த பெயர் பேராசிரியர்கள் வாயிலும் ஒட்டிக்கொண்டது.

படிப்பில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. வேலைதான் கிடைக்கவில்லை. ஒரே வாரத்தில் ஒரு கம்பெனிக்காரர் அவளுக்கு அனுபவம் அதிகம் என்றார், இன்னொருவர் அனுபவமே இல்லையே என்றார்.

"ரெண்டு பேரையும் ஒரே ரூம்ல உக்கார வச்சுப் பேசி முடிக்கச் சொல்லுக்கா" என்றாள் தங்கை.

சிரித்தார்கள். ஆனால் பட்டம் கைக்கு வர வேண்டுமென்றால் ஏதாவது ஒரு தொழிற்சாலையில் மூன்று மாதம் வேலை பார்த்து, சான்றிதழ் வாங்கித் துறைத்தலைவரிடம் கொடுக்க வேண்டும். கெடு நெருங்கிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் பெயின்ட் தின்னரும் பசையும் தயாரிக்கும் ஒரு கம்பெனியிலிருந்து அழைப்பு வந்தது. அவள் அங்கே விண்ணப்பம் போட்டதாகவே ஞாபகம் இல்லை.

நேர்முகம் பத்து நிமிடம்கூட நடக்கவில்லை. மேனேஜர் அயர்ன் மடிப்புக் கலையாத சட்டையில், குரலை உயர்த்தாமல் பேசுகிற மனிதர். எதிரே அவளுடைய விண்ணப்பத்தின் அச்சுப்பிரதி இருந்தது. பட்டாளம் என்ற சொல்லுக்குக் கீழே மட்டும் பேனாவால் கோடு போட்டிருந்தார்.

"மேலதிகாரி சொன்னதை எப்பவாவது மறுத்திருக்கீங்களா மேடம்?"

"ஒரு தடவை சார்."

என்ன, ஏது என்று கேட்பார் என எதிர்பார்த்தாள். ஒரு கோடையில் கிடங்குக்குள் சூடு எல்லை தாண்டியிருந்தபோது, கதவைத் திறக்கச் சொன்ன அதிகாரியிடம் அவள் சாவியைக் கொடுக்க மறுத்தாள். அதற்கு மூன்று வருடப் பதவி உயர்வு போயிற்று. அதைச் சொல்ல வாயைத் திறந்தவளை மேனேஜர் புன்னகையோடு கைகாட்டி நிறுத்தினார்.

"பரவாயில்ல, பதினாறு வருஷத்துல ஒண்ணுதானே. பட்டாளத்து ஆளுங்கன்னா எனக்கு நிம்மதி. விளக்கம் சொல்லிக்கிட்டு நிக்க வேண்டியதில்ல."

அங்கேயே பணி நியமனக் கடிதத்தை நீட்டினார். பாதுகாப்பு அலுவலர். வாங்கிப் படித்தாள். தேதி நான்கு மாதம் முந்தையதாக இருந்தது.

"தேதி தப்பா இருக்கே சார்."

"டைப் பண்ற பொண்ணு புதுசு. திங்கக்கிழமை வாங்க, மாத்திக்கலாம்."

வீட்டில் ஒரே கொண்டாட்டம். நாலாம் வகுப்பு படிக்கும் தங்கை மகள், பெரியம்மாவுக்கு இனி ஹெல்மெட் தருவார்களா என்று கேட்டுக் குதித்தாள். கடிதத்தில் இருந்த தேதியைப் பற்றிப் பட்டாளத்தக்கா யாரிடமும் சொல்லவில்லை.

கம்பெனி வாசலில் கைப்பேசியை வாங்கிப் பெட்டியில் வைத்துப் பூட்டினார்கள். காவலாளியின் பூட்ஸ் கயிறு கட்டியிருந்த விதத்தைப் பார்த்தே அவர் பழைய பட்டாளத்துக்காரர் என்று கண்டுகொண்டாள். எந்தப் பிரிவு என்று கேட்டாள். சொன்னார். ஆனால் கண்ணைப் பார்த்துச் சொல்லவில்லை.

அவளுக்குக் கொடுத்த மேசையின் இழுப்பறையில் ஒரு மூக்குக்கண்ணாடியும் பாதி தீர்ந்த இரத்த அழுத்த மாத்திரை அட்டையும் இருந்தன.

"முன்னாடி இருந்தவரோடதா சார்?"

"ஆமா. நாலு மாசம் முன்னாடி குடும்பத்துல ஏதோ பிரச்சினை, திடீர்னு கிளம்பிட்டார். தூக்கிப் போட்டுடுங்க."

அவள் தூக்கிப் போடவில்லை. கண்ணாடியை மறந்துவிட்டுப் போகிறவர் மறுநாளே தேடி வருவார், இல்லாவிட்டால் ஆள் அனுப்புவார். நான்கு மாதமாக ஒருவரும் வரவில்லை.

முதல் வாரம் முழுக்க ஆலையைச் சுற்றினாள். கரைப்பான் வாடை தொண்டையில் ஒட்டிக்கொண்டு வீடு வரை வந்தது. உயரமான தொட்டிகள் நான்கு இருந்தன. மூன்றாவதன் வாயில் பூட்டு தொங்கியது. பழுது என்றார்கள். வாயுக் கசிவைக் காட்டும் அலாரத்தை யாரோ பழைய துணியால் இறுக்கச் சுற்றியிருந்தார்கள். அவிழ்க்கச் சொன்னாள். மேற்பார்வையாளர் மறுபேச்சுப் பேசாமல் அவிழ்த்தார். மறுநாள் காலையில் அதே துணி அதே முடிச்சோடு அங்கே இருந்தது. தொழிலாளர்கள் கூடிப் பேசிக்கொண்டிருக்கும் இடத்துக்கு அவள் போனால் பேச்சு நின்றுவிடும். அவள் நகர்ந்த பிறகும் தொடராது. கடிதத்தை மாற்றித் தரக் கேட்டபோதெல்லாம் மேனேஜர் "நாளைக்கு" என்றார்.

ஒன்பதாம் நாள் காலை மேனேஜரே அவள் மேசைக்கு வந்து ஒரு தடித்த புத்தகத்தை வைத்தார். தொட்டிக்குள் ஆள் இறங்கிச் சுத்தம் செய்வதற்கான அனுமதிச் சீட்டுப் புத்தகம். வெள்ளை, மஞ்சள், ரோஸ் என்று ஒவ்வொரு சீட்டுக்கும் மூன்று பிரதி.

"அடுத்த வாரம் கவர்ன்மென்ட்ல இருந்து ஆய்வுக்கு வர்றாங்க. நாலு மாசச் சீட்டு கையெழுத்து இல்லாம கிடக்கு. போட்டு வச்சிடுங்க மேடம். காலியா இருக்கிற கட்டத்தையும் பூர்த்தி பண்ணிடுங்க."

அவர் போனதும் புத்தகத்தைத் திறந்தாள். கையெழுத்தில்லாத முதல் சீட்டின் தேதி, அவளுடைய நியமனக் கடிதத்தில் இருந்த தேதிக்கு மறுநாள். மூன்றாம் தொட்டி. காற்றைச் சோதித்ததற்கான கட்டம் காலி. பாதுகாப்பு அலுவலர் கையெழுத்து காலி. உள்ளே போனவர்கள் மூன்று பேர், டோக்கன் எண் மட்டும் எழுதியிருந்தது. முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது, நாற்பத்தொன்று. மூவரும் உள்ளே போன நேரம் பத்து இருபது. முதல் இருவர் வெளியே வந்த நேரம் பத்து முப்பத்தைந்து.

நாற்பத்தொன்றுக்கு நேரே எதுவும் இல்லை.

வெடிமருந்துக் கிடங்கில் அவள் முதன்முதலில் கற்ற வேலை அதுதான்: உள்ளே போன தலைகளை எண்ணுவது, வெளியே வந்த தலைகளை எண்ணுவது, கணக்கு ஒத்துப்போகாமல் கதவைப் பூட்டாமல் இருப்பது. எழுத்தர் மறந்துபோய் விட்ட இடம் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். இது மறந்து விட்ட இடம் இல்லை. எழுத மனம் வராமல் விட்டது.

மதியம் எல்லாரும் சாப்பிட்டுப் போகும்வரை காத்திருந்து, கேண்டீனில் தட்டு கழுவிக்கொண்டிருந்த அம்மாளிடம் போனாள்.

"நாற்பத்தொண்ணாம் நம்பர் டோக்கன் யாரோடதும்மா?"

தட்டு கழுவிய கை நின்றது. "ஏன் கேக்குறீங்க?"

"சீட்டுல பேர் இல்ல."

அந்த அம்மாள் குழாயை இன்னும் வேகமாகத் திறந்துவிட்டாள். தண்ணீர்ச் சத்தத்துக்குள் பேசினாள். "கான்ட்ராக்ட் ஆளு. நல்ல புள்ள. சொல்லாம கொள்ளாம ஓடிப்போயிட்டான்னு சொன்னாங்க. சம்சாரம் கேட்டுல வந்து நின்னு தொண்டை கிழியக் கத்திட்டுப் போச்சு. அந்தப் பொண்ணு மனு மேல மனு போட்டதாலதான் இப்ப ஆய்வுக்கே வர்றாங்களாம்." பிறகு தலையைத் தூக்காமலே, அந்தப் பெண் எந்தத் தெருவில் குடியிருக்கிறாள் என்பதையும் சொன்னாள். "நான் சொன்னதா சொல்லிடாதீங்க மேடம். எனக்கு இந்த வேலை வேணும்."

திரும்பி வந்து அந்த ஒரு சீட்டின் ரோஸ் பிரதியை மட்டும் கிழித்தாள். கல்லூரியில் கொடுத்த பயிற்சிக் குறிப்பேட்டின் பின்னட்டை உறைக்குள் அதைச் செருகினாள். புத்தகத்தை எடுத்துக்கொண்டு மேனேஜர் அறைக்குப் போனாள்.

"என்னால கையெழுத்துப் போட முடியாது சார். அந்தத் தேதியில நான் இங்க இல்ல."

மேனேஜர் கோபப்படவில்லை. உட்காரச் சொன்னார். அவள் நின்றுகொண்டே இருந்தாள்.

"சான்றிதழ் நாங்கதான் தரணும். அது இல்லாம பட்டம் கிடையாது. இந்த வயசுல இன்னொரு வருஷம் உக்காந்து படிக்கணுமா மேடம்?"

"படிச்சுக்கிறேன் சார்."

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். "உங்க தங்கச்சி பொண்ணு நாலாவதுதானே படிக்குது? சாயந்திரம் அந்த ஸ்கூல் பஸ் நம்ம கேட்டைத் தாண்டித்தான் போகும். ஜன்னல் ஓரம்தான் உக்காரும். சூட்டிகையான பொண்ணு."

விண்ணப்பத்தில் அவள் தங்கை வீட்டு முகவரியை எழுதியிருந்தாள். குழந்தையைப் பற்றி ஒரு வரிகூட எழுதியதில்லை. யாரிடமும் பேசியதும் இல்லை.

"நாளைக்குக் காலையில வரைக்கும் யோசிங்க" என்றார்.

வாசலில் காவலாளி வழக்கம்போல் பையைப் பிரித்தார். குறிப்பேட்டைப் புரட்டினார். பின்னட்டைக்கு வந்ததும் கட்டைவிரல் நின்றது. உறைக்கு வெளியே ரோஸ் நிறம் ஒரு நகக்கண் அளவு தெரிந்தது. அவர் குறிப்பேட்டை மூடிப் பையில் வைத்தார்.

"போங்க மேடம்" என்றார். "பஸ்ஸுக்கு நிக்காதீங்க. ஆட்டோ பிடிச்சுப் போங்க."

ஆட்டோவில் ஏறி இருபது நிமிடத்தில் கைப்பேசி அடித்தது. தங்கை.

"அக்கா, உன் ஆபீஸ்ல இருந்து ரெண்டு பேர் வந்திருக்காங்க. நீ ஏதோ பேப்பரை மறந்து எடுத்துட்டு வந்துட்டியாம். வாங்கிட்டுத்தான் போவாங்களாம். ஹால்ல உக்காந்திருக்காங்க. காபி போட்டுக் கொடுத்தேன்."

காவலாளி சொன்னாரா, வேறு யாராவது கவனித்தார்களா, மேனேஜர் பிரதிகளை எண்ணிப் பார்த்தாரா? அவளுக்குப் பிடிபடவில்லை. யோசிக்கவும் நேரமில்லை.

"பாப்பா வந்துட்டாளா?"

"இன்னும் இல்ல. இப்பதான் ஸ்கூல் விடுற நேரம்."

"நான் சொல்றதுக்கு 'சரிக்கா'ன்னு மட்டும் சொல்லு. பஸ் வரட்டும்னு இருக்காத. பால் வாங்கணும்னு சொல்லிட்டு இப்பவே கிளம்பி ஸ்கூலுக்குப் போ. பாப்பாவைக் கூட்டிட்டு நேரா உன் வீட்டுக்காரர் ஆபீஸுக்குப் போயிடு. நான் சொல்ற வரைக்கும் வீட்டுக்கு வராத."

"சரிக்கா" என்றாள் தங்கை. பால் வாங்கிட்டு வர்றேன் என்று அவள் ஹாலைப் பார்த்துச் சொல்வது கேட்டது.

அவள் ஆட்டோவை வீட்டுக்கு விடச் சொல்லவில்லை. வழியில் ஒரு ஜெராக்ஸ் கடையில் சீட்டை ஐந்து பிரதி எடுத்துக்கொண்டு, கேண்டீன் அம்மாள் சொன்ன தெருவுக்குப் போனாள்.

மாடியில் ஒற்றை அறை. தரை முழுக்கச் சட்டைகள் குவிந்து கிடந்தன. நடுவில் உட்கார்ந்து ஒரு பெண் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். முப்பதுகூட இருக்காது. கம்பெனியிலிருந்து வருகிறேன் என்றதும், "அவரைப் பத்தி இனிமே என்ன சொல்லப் போறீங்க?" என்று தலை நிமிராமல் கேட்டாள்.

பட்டாளத்தில் சாவுச் செய்தியைக் கொண்டுபோகத் தனி ஆள் உண்டு. அவள் ஒருமுறைகூடப் போனதில்லை. எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் சீட்டைத் தரையில் வைத்து, கட்டம் கட்டமாக விரலை வைத்துச் சொன்னாள். இது தேதி. இது தொட்டி. இது உங்கள் வீட்டுக்காரர் டோக்கன். இது உள்ளே போன நேரம்.

அந்தப் பெண் ஊசியைப் பிடித்தபடியே சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப அவரு என்னை விட்டுட்டு ஓடிப் போகலையா?" என்றாள்.

நான்கு மாதமாக வீட்டு ஓனர், கொழுந்தன், குழாயடியில் நின்றவர்கள் எல்லாரும் அவள் முகத்துக்கு நேரே சொன்னதை, அவளும் நம்பத் தொடங்கியிருந்தாள். அந்த ஒரு கணம் அவள் முகம் தெளிந்ததைப் பார்த்த பட்டாளத்தக்காவுக்கு அங்கே நிற்க முடியவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். அந்தப் பெண்ணுக்கு அழுகை அதன் பிறகுதான் வந்தது.

காவல் நிலையத்தில் முதலில், கம்பெனிக் காகிதத்தை எடுத்து வந்தது திருட்டு என்றார்கள். ஐந்து பிரதிகளில் ஒன்று ஆய்வு அலுவலகத்துக்குப் போகிறது, ஒன்று பத்திரிகைக்குப் போகிறது என்று அவள் நிதானமாகச் சொன்னாள். பொத்தான் தைக்கும் பெண் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அவர்கள் புகாரை எழுதிக்கொள்ளும்வரை எழுந்திருக்க மாட்டேன் என்றாள். இருட்டுவதற்குள் எழுதினார்கள்.

மூன்றாம் நாள் ஆலைக்குப் பின்னால் இருந்த கழிவுக் குழியைத் தோண்டினார்கள். அவர் அங்கேதான் இருந்தார். மேனேஜரையும் மேற்பார்வையாளரையும் பிடித்துக்கொண்டு போனார்கள். முதலாளி வெளிநாட்டில் இருப்பதாகச் சொன்னார்கள். கண்ணாடியை விட்டுப் போன பழைய பாதுகாப்பு அலுவலர் மட்டும் எங்கே என்று இன்றுவரை தெரியவில்லை. அவர் வீடு பூட்டிக் கிடக்கிறது.

சான்றிதழ் இல்லாததால் செமஸ்டரைத் திரும்பப் படிக்கச் சொல்லிவிட்டார் துறைத்தலைவர். அவருக்கும் வருத்தம்தான்; விதியை மாற்ற முடியாது என்றார். அவள் மறுபடி விண்ணப்பம் போடத் தொடங்கினாள். ஒன்பது நாளில் ஏன் வேலையை விட்டீர்கள் என்று எல்லா இடத்திலும் கேட்கிறார்கள். அவள் மறைக்காமல் சொல்கிறாள். கேட்பவர்கள் முகம் மாறாமல் எதையோ குறித்துக்கொள்கிறார்கள்.

வீட்டுக்கு வந்த அந்த இருவரில் ஒருவன் இன்னும் அகப்படவில்லை. அன்று எல்லாரும் சேர்ந்து வீட்டுக்குத் திரும்பியபோது ஹால் காலியாக இருந்தது, கதவு ஒழுங்காகச் சாத்தியிருந்தது. தங்கை சமையலறைக்குள் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். காபி குடித்த இரண்டு டம்ளரையும் கழுவிக் கவிழ்த்து, அவள் எப்போதும் வைக்கும் அதே அலமாரியில், அதே தட்டில் வைத்திருந்தார்கள்.

"எங்க வைக்கிறதுன்னு நான் சொல்லவே இல்லையேக்கா" என்றாள்.

இப்போதெல்லாம் குழந்தை ஸ்கூல் பஸ்ஸில் போவதில்லை. காலையில் தங்கை கூட்டிப்போகிறாள். மாலையில் கல்லூரி முடிந்ததும் பட்டாளத்தக்கா போய்க் கூட்டி வருகிறாள். ஏன் தினமும் வேறு வேறு தெரு வழியாகப் போகிறோம் என்று குழந்தை கேட்கிறது. எல்லாத் தெருவையும் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது என்று அவள் சொல்கிறாள்.