எட்டரை மணிப் பதிவு

அந்த வானிலை நிலையத்தில் வேலை பார்த்த இரண்டு பெண்களும் ஒரே வீட்டின் மருமகள்கள். அண்ணனைக் கட்டிக்கொண்டவளை எல்லோரும் பெரியவள் என்றார்கள். தம்பியைக் கட்டிக்கொண்டவள் சின்னவள். வீட்டில் பெரியவள் கீழே, சின்னவள் மாடியில். அலுவலகத்தில் ஒரே மேஜை, எதிரெதிர் நாற்காலி. பகலில் பெரியவள் நிமிர்ந்து பார்த்தால் எதிரே சின்னவளின் முகம். மாலையில் வீட்டுக்குப் போய் நிமிர்ந்தால் தலைக்கு மேலே சின்னவள் நடக்கிற சத்தம். பொறாமைப்படுகிற ஒருத்திக்கு இதைவிட வசதியான ஏற்பாடு யாராலும் செய்து தர முடியாது.

சின்னவளை நிலையத்துக்குள் கொண்டுவந்ததே பெரியவள்தான். பத்து மாதத்துக்கு முன் நிலையத்தில் ஓர் இடம் காலியானபோது, "வீட்டுல சும்மாத்தானே இருக்கே, எழுதிப் போடு" என்று விண்ணப்பத்தைக் கையில் கொடுத்து, நிரப்பியும் கொடுத்தாள். கருவிகளைப் பற்றிச் சொல்லிக் கொடுத்ததும் அவள்தான். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டது அப்போது தெரியவில்லை.

நிலையத்தில் ஒரு நாளைக்குப் பல தடவை பதிவு எடுப்பார்கள். ஆனால் எல்லாப் பதிவுக்கும் ராணி காலை எட்டரைதான். முந்தின நாளின் மழை, இரவின் குளிர், காற்றின் திசை, மேகத்தின் வகை, அந்த மேகம் வானத்தை எட்டுப் பங்கில் எத்தனை பங்கு மூடியிருக்கிறது என்பது வரை எல்லாம் எட்டரை மணிக்கு எண்களாகித் தலைமை அலுவலகத்துக்குப் போகும். அங்கே உட்கார்ந்திருக்கும் முன்னறிவிப்பாளர் அதை வைத்துத்தான் அன்றைக்கு மழை உண்டா இல்லையா என்று சொல்வார். பதினோரு வருஷம் அந்தப் பதிவு பெரியவளுடையது. ஊரே குடையை எடுப்பதும் எடுக்காமல் போவதும் தன் விரல் நுனியில் இருப்பதாக அவளுக்கு ஒரு நினைப்பு. வெளியே சொன்னதில்லை. ஆனால் தெருவில் யாராவது குடையோடு போனால், தான் பரிசாகக் கொடுத்த சேலையை உடுத்திக்கொண்டு போகிறவரைப் பார்ப்பதுபோல் பார்ப்பாள். பதினோரு வருஷத்தில் அவள் எழுதிய ஓர் எண்ணைக்கூடத் தலைமை அலுவலகம் தப்பென்று திருப்பி அனுப்பியதில்லை.

பதிவேட்டின் கடைசியில் 'குறிப்புகள்' என்று ஒரு கட்டம் உண்டு. பெரியவள் அதில் பதினோரு வருஷமும் 'ஒன்றுமில்லை' என்றே எழுதிவந்தாள். சின்னவள் வந்தாள். பதினொன்றரை மணிப் பதிவின் குறிப்பில் எழுதினாள்: 'கீற்று மேகங்கள் மேற்கிலிருந்து வருகின்றன. நுனிகள் கொக்கிபோல் வளைந்திருக்கின்றன. நேற்றைவிட வேகம்.' இன்னொரு நாள்: 'தென்மேற்கில் ஒற்றைத் திரள் மேகம். அடி தட்டை, தலை காலிஃபிளவர். பத்து நிமிடமாகத் தலை வளர்ந்துகொண்டே இருக்கிறது.'

அன்று மாலை இடியோடு மழை கொட்டியது. மறுநாள் தொலைபேசி அடித்தது. எடுத்தது பெரியவள்.

"யாரு, பெரியவங்களா?" என்றார் முன்னறிவிப்பாளர். "சின்னவங்க இல்லையா? அந்தக் காலிஃபிளவர் எழுதினாங்களே, அவங்க."

"நான் பேசுறேன் சார். என்ன வேணும், சொல்லுங்க."

"இல்ல இல்ல, பரவால்ல. அவங்க வந்ததும் பேசச் சொல்லுங்க."

பெரியவள் ரிசீவரை டொக்கென்று வைத்தாள். அடுத்த மாதமே நிலைய அதிகாரி நேரப் பட்டியலை மாற்றினார். எட்டரை சின்னவளுக்கு. பதினொன்றரையும் இரண்டரையும் பெரியவளுக்கு. அந்த நேரத்தில் வெயில் மண்டையைப் பிளக்கும். மேகம் இருந்தாலும் அவளை யாரும் கேட்கப்போவதில்லை.

"ஏங்க, மேகத்தைப் பார்த்தா காலிஃபிளவர் ஞாபகம் வர்றவளுக்கு எட்டரையைத் தூக்கிக் குடுத்திருக்காங்க," என்றாள் புருஷனிடம்.

"பசியில பார்த்திருப்பா," என்றான் அவன், செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல்.

"சிரிக்கிறதுக்கு நான் இதைச் சொல்லல."

"சரி, நீயும் ஏதாவது காயைச் சொல்லிப் பாரேன்."

அன்றோடு அவனிடம் சொல்வதை விட்டாள்.

அடுத்த திங்கட்கிழமை முதல் அவள் எட்டே காலுக்கே அலுவலகம் வந்துவிட்டாள். பழைய பதிவேடுகளைப் படியெடுக்க வேண்டியிருப்பதாக அதிகாரியிடம் ஒரு காரணம் சொன்னாள். எட்டரைக்குச் சின்னவள் புல்வெளிக்குப் போவாள். அங்கே கால்கள் வைத்து நிற்கும் வெள்ளைப் பெட்டியின் கதவைத் திறந்து வெப்பமானிகளைப் பார்ப்பாள், மழைமானியைப் பார்ப்பாள், வானத்தை அண்ணாந்து பார்த்தபடி அரை வட்டம் சுற்றுவாள், பிறகு உள்ளே வந்து எண்களை அனுப்ப உட்காருவாள். அந்த நேரம் பார்த்துப் பெரியவள் வெளியே நழுவுவாள். யாராவது கேட்டால் சொல்வதற்குக் கையில் ஒரு துடைப்பம்.

முதல் நாள் சின்னவள் எழுதியது இருபத்தாறு புள்ளி இரண்டு. பெரியவள் பார்த்தபோது இருபத்தாறு புள்ளி ஆறு.  அவசரப்படக் கூடாது என்று முகத்தை ஒரு சாண் தூரத்துக்குக் கொண்டுபோய், மறுபடி பார்த்தாள். மூன்றாம் தடவையும் பார்த்தாள். புள்ளி ஆறேதான்.

காலையில் நிமிஷத்துக்கு நிமிஷம் வெயில் ஏறுமே, அதனால் இருக்குமோ என்றும் யோசித்தாள். அநியாயமாகக் குற்றம் சொல்லிவிடக் கூடாது அல்லவா? ஆனால் வானம் முழுக்கச் சாம்பல் மேகம் போர்த்தி, தூறல் விழுந்துகொண்டிருந்த நாளிலும் அதே வித்தியாசம். புள்ளி நான்கு. சில நாள் புள்ளி மூன்று. தன் எண் ஒரு நாளும் சின்னவளுடையதைவிடக் குறையவில்லை. எல்லாவற்றையும் ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதினாள். இடது பக்கம் சின்னவளின் எண், வலது பக்கம் தன் எண். மூன்று வாரத்தில் பதினேழு வரிகள். வீட்டில் அந்த நோட்டைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு படுத்தாள். காதல் கடிதத்தைக்கூட அவள் அப்படி வைத்துக்கொண்டதில்லை.

நான்காம் வாரத் திங்களன்று, சின்னவள் சாப்பிடப் போன நேரத்தில், அதிகாரியின் மேஜையில் அதை வைத்தாள்.

அதிகாரி மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தார். அவர் முகம் சுருங்கிக்கொண்டே போனது.

"பதினேழு நாளும் குறைச்சலாவே எழுதியிருக்காங்களே!"

"நான் என்னத்தைச் சொல்ல சார். சொந்தக்காரி வேற."

"அதனாலதான் உங்களுக்கு எவ்வளவு கஷ்டமா இருக்கும்னு தெரியுது. இத்தனை வருஷத்துல உங்க எண் ஒண்ணு திரும்பி வந்ததில்ல. நீங்க சொல்றதை நான் எப்படித் தட்ட முடியும்?" அவர் பெருமூச்சு விட்டார். "அவங்க இன்னும் பயிற்சிக் காலத்துலதான் இருக்காங்க. வேலையில உறுதிப்படுத்த வேண்டாம்னு எழுதிடுறேன். எட்டரையை நீங்களே திரும்ப எடுத்துக்குங்க. நோட்டுல பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட்டு, மூணு வாரத்து வரைபடத் தாளையும் சேர்த்து நாளைக்கு மதியத்துக்குள்ள குடுத்துடுங்க."

பெரியவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. சின்னவள் சாப்பிட்டுத் திரும்பி வந்து, "அக்கா, தண்ணி வேணுமா?" என்று கேட்டபோது, பாவம் என்றுகூட நினைத்தாள். ஜெயித்தவர்களுக்கு இரக்கம் சுலபமாக வரும்.

வெள்ளைப் பெட்டிக்குள் வெப்பமானிகளோடு ஓர் உருளையும் உண்டு. அதில் சுற்றிய தாளில் ஒரு பேனா முனை வாரம் முழுக்க வெப்பத்தின் ஏற்ற இறக்கத்தைக் கோடாக இழுத்துக்கொண்டே இருக்கும். திங்களுக்குத் திங்கள் தாளை மாற்றுவார்கள். அந்தத் தாள்கள் மூன்றையும் எடுத்துப் பெரியவள் மேஜையில் விரித்தாள். மை நீலம். பகலில் ஏறி இரவில் இறங்கும் அலைகள்.

காலை ஏற்றத்தில் ஓர் இடத்தில் கோடு ஊசி முனையளவு துள்ளியிருந்தது. எட்டே முக்காலை ஒட்டி. மறுநாளும் அதே இடத்தில். அதற்கு மறுநாளும். அவள் தாளைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோனாள். திங்கள், செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி, சனி, எல்லா நாளும் ஒரு சின்ன மேடு. ஞாயிறு மட்டும் கோடு வழவழவென்று போனது. ஞாயிறு அவளுக்கு விடுமுறை. இரண்டாம் வாரத்தில் ஒரு வியாழனும் வழவழப்பு. அன்று மகளின் பள்ளிக்குப் போக அவள் விடுப்பு எடுத்திருந்தாள்.

பெரியவள் மூன்று தாள்களையும் மறுபடி முதலிலிருந்து பார்த்தாள். 

மறுநாள் எட்டரைப் பதிவை எடுத்துவிட்டுச் சின்னவள் உள்ளே வந்து உட்கார்ந்ததும், பெரியவள் துடைப்பம் இல்லாமல் வெள்ளைப் பெட்டிக்குப் போனாள். கதவைத் திறக்கும் முன் மூச்சை இழுத்து நிறுத்தினாள். திறந்தாள். முதலில் புள்ளியைப் படித்தாள், பிறகு டிகிரியை. ஐந்து எண்ணுவதற்குள் முடிந்துவிட்டது. இருபத்தைந்து புள்ளி எட்டு. சின்னவள் எழுதியிருந்ததும் அதேதான்.

அவள் கதவை மூடவில்லை. பிடித்திருந்த மூச்சை விட்டாள். மூன்று வாரமாக நின்றதுபோலவே, முகத்தைக் கிட்டே வைத்துக்கொண்டு, சின்னவளை நினைத்துக்கொண்டு நின்றாள். காலிஃபிளவரை நினைத்தாள். 'சின்னவங்க இல்லையா?' என்ற குரலை நினைத்தாள். மூச்சு தானாகச் சூடாக வந்தது. பாதரசம் மெல்ல நகர்ந்தது. புள்ளி ஒன்பது. இருபத்தாறு. இருபத்தாறு புள்ளி ஒன்று. கொஞ்ச நேரம் கழித்து, புள்ளி இரண்டு. அங்கே நின்றது.

வெப்பமானிக்கு முன்னால் மூச்சு விடாதே. இந்த வேலையில் முதல் நாள் சொல்லித் தருகிற முதல் பாடம் அது. சின்னவளுக்கு அதைச் சொன்னவள் பெரியவள்.

மதியம் வரை நோட்டு அவள் முன்னால் திறந்தே கிடந்தது. தாளில் உள்ள மேட்டை அதிகாரி கவனிக்கப் போவதில்லை. கவனித்தாலும் தெருவில் லாரி போன அதிர்வு என்று விட்டுவிடுவார். கையெழுத்துப் போட்டால் போதும். எட்டரை அவளுடையது. பேனாவை எடுத்தாள், மூடினாள், எடுத்தாள். சின்னவள் வேலையை விட்டுப் போவதை அவளால் தாங்கிக்கொள்ள முடிந்தது. வெட்கக்கேடுதான், ஆனால் உண்மை அது. தன் கையெழுத்துக்கு மேலே ஒரு தப்பான எண் நிற்பதைத்தான் தாங்க முடியவில்லை. இங்கே பதினேழு நின்றன.

நோட்டை எடுத்துக்கொண்டு அதிகாரியின் முன்னால் போய் நின்றாள். அதே அறையில் தன் நாற்காலியில் சின்னவள் இருந்தாள். அவள் எழுந்து போகட்டும் என்று காத்திருந்தால் தைரியம் போய்விடும் என்று தோன்றியது.

"சார், இந்தப் பதினேழும் தப்பு."

"ஆமா, அதைத்தான் எழுதிட்டிருக்கேன்."

"அவளோடது இல்ல. என்னோடது. மூணு வாரமா, அவ போனதுக்கப்புறம் நான் தினம் அஞ்சு நிமிஷம் கதவைத் திறந்து வெச்சுட்டு நின்னேன். அந்தப் புள்ளி நாலு என் மூச்சு."

அதிகாரி அவளைப் பார்த்தார், நோட்டைப் பார்த்தார், கடைசியில் சின்னவளைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். "இது... நான் எங்கே எழுதுறது?" என்றார் பாவமாக.

"எங்கேயும் எழுத வேண்டாம் சார். எட்டரை அவகிட்டயே இருக்கட்டும்."

சின்னவள் குனிந்து பதிவேட்டில் எழுத ஆரம்பித்தாள். சாயங்காலம் வரை நிமிரவில்லை. பேருந்துக்குக் காத்திருக்கையில் இருவருக்கும் நடுவே இன்னும் இரண்டு பேர் நிற்கலாம் போல் இடைவெளி விட்டு நின்றாள். அவள் கண் சிவந்திருந்தது. வீட்டுத் தெருவில் இறங்கி நடக்கும்போதுதான் வாயைத் திறந்தாள்.

"மூணு வாரம். தினம் அஞ்சு நிமிஷம் என்னையே நினைச்சுட்டு நின்னிருக்கே. என் புருஷன்கூட அவ்வளவு நினைச்சதில்ல."

"உன்னை இல்ல, உன் எண்ணை."

"பேசாதே. என் வேலை போயிருக்கும்க்கா."

"தெரியும்."

"தெரிஞ்சுதான் செஞ்சியா?"

"தெரிஞ்சுதான் செஞ்சேன்."

சின்னவள் நின்றுவிட்டாள். பெரியவளும் நின்றாள். திட்டட்டும் என்று காத்திருந்தாள்.

"எட்டரையைத் திருப்பிக் குடுடீன்னு ஒரு நாளாவது என் மூஞ்சியைப் பார்த்துக் கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டிருந்தா குடுத்திருப்பியா?"

சின்னவள் கொஞ்சமும் யோசிக்கவில்லை. "மாட்டேன்," என்றாள். சொல்லிவிட்டு விடுவிடென்று முன்னால் நடந்தாள்.

பெரியவள் அவள் முதுகைப் பார்த்துக்கொண்டே பின்னால் நடந்தாள். அந்தப் பதில் அவளுக்குப் பிடித்திருந்தது. அதற்காகவும் அவள்மேல் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது. மனதில் உள்ளதைச் சொல்ல இவளுக்கு ஒரு நொடி போதுமாக இருக்கிறது. தனக்கு மூன்று வாரமும் ஒரு வெப்பமானியும் தேவைப்பட்டன.