கூம்புக்குத் தைத்த உறை

அண்ணி ஜெயசுதா காரை விற்றுவிடச் சொன்னாள். சரக்கு எடுத்துவர லோடு ஆட்டோ போதும், கார் குடிக்கிற டீசல் வீண் என்பது அவள் கட்சி. வாங்க ஆளும் தயாராக இருந்தார். எங்கள் அனுப்பர்பாளையம் யூனிட்டுக்குப் பக்கத்தில் நூல் ஏஜென்சி வைத்திருக்கும் ரஷீத் அண்ணன்.

தைத்து வரும் பனியன்களில் ஓட்டை, பிரிந்த தையல் பார்த்து மடித்துக் கொடுப்பது எங்கள் யூனிட்டின் வேலை. முதலாளி என் அண்ணன் சிவராஜ். யூனிட் தொடங்கியபின் அவர் தனக்கென்று வாங்கிய ஒரே பொருள் அந்தப் பழைய கார்தான். அதை விட்டுக்கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை.

போனில் ஏதோ வீடியோ பார்த்துவிட்டு, கோயம்புத்தூர் போய்ச் சிவப்பு நிறத்தில் கூம்பு மாதிரி ஒரு ஏர் பில்டர் வாங்கி வந்தார். காரோடு வந்த பில்டரைக் கருப்புப் பெட்டியோடு கழற்றிவிட்டு, அந்தக் கூம்பை இஞ்சினுக்குப் பக்கத்தில் திறந்தபடி மாட்டினார்.

"இஞ்சின் நல்லா மூச்சு உட்டாப் போதும் சுதா. இழுவையும் கூடும், மைலேஜும் கூடும்."

"எவ்வளவு கூடுமுங்க?"

"இப்ப லிட்டருக்குப் பதினாறு. இனிமேப் பதினெட்டு."

"குடுக்கலீன்னா?"

அண்ணன் பானட்டை இறக்கி மூடினார். "குடுக்கலீன்னா வண்டி ரஷீதுக்கு."

அவினாசி ரோட்டில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தார். இஞ்சின் சத்தம் தெருமுனையிலேயே கேட்டது. "பறக்குது" என்றார்.

"பறக்கலை மாப்ளே, கத்துது" என்றார் ரஷீத் அண்ணன்.

பனியன் ஊர் என்பதால் எங்கள் தெருக் காற்றில் எப்போதும் பஞ்சு இருக்கும். டீ டம்ளரின் விளிம்பிலும் ஒட்டும், கண் இமையிலும் ஒட்டும். சில நாட்களிலேயே கூம்பின்மேல் சாம்பல் நிறத்தில் முடி முளைத்த மாதிரி ஆகிவிட்டது. வேறு ஊர்க்காரர் என்றால் பழைய பெட்டியையே திரும்ப மாட்டியிருப்பார். அண்ணன் துணி தேடினார். பனியன் கழுத்துக்கு வைக்கும் ரிப் துணியில் மீந்து கிடந்ததை இரண்டு மடிப்பாக வெட்டி, பிரிந்த தையலைச் சரிசெய்ய யூனிட்டில் இருந்த ஓவர்லாக் தையல் மெஷினில் ஒரு உறை தைத்தார். வாய்ப்பக்கம் எலாஸ்டிக்கும் வைத்தார். அதைக் கூம்புக்குத் தொப்பி மாதிரி மாட்டிவிட்டார்.

"பனியன் போட்டா நமக்கு மூச்சு முட்டுதா? அதே துணிதான."

"பனியனை மூக்கு மேல கட்டீட்டு மாடி ஏறிப் பாருங்க" என்றாள் அண்ணி.

ஞாயிற்றுக்கிழமை சிவன்மலைக் கோயிலுக்குப் போய்வந்து மைலேஜ் பார்ப்பது என்று முடிவானது. பெட்ரோல் பங்கில் டேங்கை நிரப்பிக்கொண்டு கிளம்பினோம். வாங்கப் போகிறவர் என்பதால் ரஷீத் அண்ணன் முன்சீட்டில் உட்கார்ந்தார். மலையடிவாரம் வரை ஒன்றும் தெரியவில்லை. மலைப்பாதையின் இரண்டாவது வளைவில் கார் திணற ஆரம்பித்தது. அண்ணன் ஆக்சிலேட்டரை மிதித்தார். பின்னால் கரும்புகைதான் வந்தது. மொபெட்டில் ஏறி வந்த ஒருவர் எங்களைத் தாண்டும்போது வேகத்தைக் குறைத்தார்.

"ஏனுங்க, மலைக்குக் கொசு மருந்து அடிக்கறீங்களா?"

ஓரமாக நிறுத்திப் பானட்டைத் திறந்தார்கள். உறை கூம்போடு ஒட்டி, அதன் மடிப்புகளுக்குள் இழுபட்டிருந்தது. மேலே பஞ்சு கம்பளி மாதிரி படிந்திருந்தது. அண்ணன் அதை உருவி என் கையில் கொடுத்தார். பழக்கத்தில் திருப்பிப் பார்த்தேன். ஓட்டை இல்லை, தையல் பிரியவில்லை. எங்கள் மேசைக்கு வந்திருந்தால் பாஸ் போட்டிருப்பேன்.

ரஷீத் அண்ணன் கூம்புக்குப் பக்கத்தில் கையை நீட்டிவிட்டு உடனே இழுத்துக்கொண்டார். "மாப்ளே, முந்தி அந்தப் பெட்டி வெளிக்காத்த உள்ள உட்டுச்சு. இப்ப இஞ்சின் சூட்டையே இஞ்சின் குடிக்குது."

உறை இல்லாமல் கார் மேலே ஏறிவிட்டது. ஆனால் அன்றைய கணக்குச் செல்லாது என்றார் அண்ணன். உறை போட்டது தன் தப்பு, கூம்பின் தப்பு இல்லை என்றார். அண்ணி மறுக்கவில்லை. "அடுத்த வாரமும் சாமி அங்கியேதான் இருக்குமுங்க" என்றாள்.

அடுத்த ஞாயிறு உறை இல்லாமல், கூம்பைச் சுத்தமாகத் துடைத்து, டேங்கையும் நிரப்பிக்கொண்டு போனோம். திணறலும் இல்லை, புகையும் இல்லை. சத்தம் மட்டும் வளைவுக்கு வளைவு எதிரொலித்தது. முன்பெல்லாம் எந்த வளைவில் அண்ணன் இரண்டாவது கியருக்கு இறக்குவாரோ, அன்றும் அதே வளைவில் இறக்கினார்.

திரும்பி வந்து அதே பங்கில் டேங்கை நிரப்பினார். போனில் கணக்குப் போட்டார். அழித்துவிட்டு மறுபடி போட்டார். பிறகு போனை அண்ணியிடம் நீட்டினார். பதினாறு.

அண்ணி சிரிக்கவில்லை. "அந்தக் கருப்புப் பெட்டிய எங்கீங்க வெச்சீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

பெட்டியை மாட்ட மெக்கானிக்கைக் கூப்பிடவில்லை. உள்ளே புதுப் பேப்பர் பில்டர் வாங்கிப் போட்டு அண்ணனே மாட்டினார். ரஷீத் அண்ணன் தன் சின்ன மகள் ஷைமாவோடு வந்து நின்றார்.

"கூம்பும் வேணுமா?" என்று அண்ணன் கேட்டார்.

"வேண்டாம் மாப்ளே. இவ வண்டில ஏறுனாத்தான் தூங்கறா. சத்தமில்லாமக் குடு."

அண்ணன் ஸ்டார்ட் செய்து, காதைச் சாய்த்துக் கொஞ்சம் கேட்டார். அணைத்துவிட்டுச் சாவியைக் கொடுத்தார். கார் தெருமுனையில் திரும்பியது எங்களுக்குக் கேட்கவே இல்லை.

கூம்பு இப்போது செக்கிங் மேசைக்குப் பின்னால் ஜன்னலில் இருக்கிறது. பஞ்சு படியாமலிருக்க, அந்த உறையைத் துவைத்து அண்ணன் அதற்கு மாட்டி வைத்திருக்கிறார்.