மூலப்பிரதியில் இல்லாத வரி

1

இந்தக் கதை எனக்கு ஓசியில் கிடைத்தது. 'வித்' (with) என்ற ஆங்கிலச் சொல்லுக்குப் பொருள் கேட்டு மாமாவிடம் போயிருந்தேன். ஆங்கிலம்–தமிழ் அகராதி அலுவலகத்தில் ஆயுசைக் கரைத்தவர். எதைக் கேட்டாலும் ஆயிரம் வருஷம் பின்னால் இழுத்துக்கொண்டு போவார்.

"ஆதியில அதுக்கு 'எதிரா'ன்னு அர்த்தம்டா. 'கூட'ன்னு சொல்ல 'மிட்'னு வேற சொல் இருந்துச்சு. எதிர்ல நின்னது மெல்ல பக்கத்துல வந்து உக்காந்துருச்சு." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உங்க அத்தையும் நானும் கடைசியா சேர்ந்து பிழை பார்த்தது அந்தச் சொல் வர்ற பக்கந்தான்."

2

தொடக்கம்: 'அத்தை அழுதபடி அச்சுப்படியை எடுத்து…' [அடித்துவிட்டேன். அத்தை அழுகிற ஆளில்லை, அழவைக்கிற ஆள்.]

மறுபடி. அத்தைக்கும் அதே அகராதி அலுவலகம்தான். அங்கே பிழை பார்ப்பது இருவர் வேலை. அத்தை அச்சுப்படியைப் புள்ளி, காற்புள்ளி விடாமல் உரக்கப் படிப்பார். மாமா மூலப்பிரதியில் விரலை ஓட்டியபடி, வரிக்கு வரி "சரி" என்பார். கல்யாண வாழ்க்கையில் அவர்கள் அதிகம் பேசிக்கொண்டது இப்படித்தான்.

3

அத்தைக்கு மகள் இருக்கும் ஊரில் நல்ல வேலை கிடைத்திருந்தது. கூட வருவதைப் பற்றி மாமா வாயே திறக்கவில்லை. அன்று 'வித்' பக்கத்தின் நடுவில், குரல் மாறாமல் அத்தை படித்தார்:

"நீங்களும் என்னோட வந்துடுறீங்களா, கேள்விக்குறி."

மாமாவின் விரல் மேலும் கீழும் தேடியது.

"மூலப்பிரதியில இல்லையே. அடிச்சிரு."

அச்சுப்படியிலும் அப்படியொரு வரி இல்லை; அத்தை வெறும் ஓரத்தில் சிவப்புக் கோடு ஒன்றைப் போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போனார். அந்த வாரமே ஊருக்கும் போய்விட்டார்.

(அடிக்குறிப்பு: அகராதி வாக்கியம் பேச்சுத்தமிழில் இருக்காதே, அதுகூடவா தெரியவில்லை? கேட்டேன். "சத்தியமா தேடினேன்டா" என்றார். நம்புகிறேன். நம்புவதால்தான் எனக்கு இத்தனை வருத்தம்.)

4

முடிவு ஒன்று: மாமா பெட்டியும் கையுமாக அத்தை வீட்டு வாசலில்… [சினிமா.]

முடிவு இரண்டு: கடைசிவரை இருவரும் தனித்தனியாக… [எழுத மனசு வரவில்லை.]

நடந்தது இவ்வளவுதான். அத்தைக்குப் போன் போடச் சொன்னேன்.

"இத்தனை வருஷம் கழிச்சு என்னன்னுடா கேக்கறது?"

"அதே வரிதான் மாமா. இந்தத் தடவை நீங்க படிங்க."

போன் போட்டார். அத்தை எடுத்தார்.

"நான் உன்னோட வந்துடட்டுமா" என்றவர், பழக்க தோஷம், "கேள்விக்குறி" என்றும் சேர்த்தார். பிறகு போனைக் காதில் அழுத்திக்கொண்டு காத்திருந்தார். நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

அத்தையின் பதிலை நான் எழுதினால் அது மூலப்பிரதியில் இல்லாத வரியாகிவிடும். உங்கள் காதில் விழுந்தால் நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.