மூடியில் ஒட்டியது

"கம்பெனிக்காரனுங்க காலிப் புட்டியை அனுப்பியிருக்கானுங்கம்மா. போன் போட்டு நல்லா கேட்டுட்டேன்," என்று அவசரக்குடுக்கை வந்து சொன்னபோது அவளுக்கு வாயில் நன்றாக வந்தது. ஆய்வகத்தில் அவளுக்கு மூத்தவர், அண்ணா என்று கூப்பிட்டுப் பழகிவிட்டது. விழுங்கிக்கொண்டாள்.

"மூடி எங்கண்ணா?"

"அது லூசா இருந்துச்சு. தூக்கிப் போட்டுட்டு புதுசு மாட்டிட்டேன்."

புட்டியில் வரவேண்டியது பெப்டைடு, புரதத்தின் சின்னத் துண்டு. உலரவைத்து அனுப்பினால் இருப்பதே கண்ணுக்குத் தெரியாது, வழியில் குலுங்கி மூடியில் ஒட்டிக்கொள்ளும். திறப்பதற்கு முன் புட்டியை இயந்திரத்தில் சுழற்றி அடியில் இறக்க வேண்டும். புதிதாகச் சேர்பவர்களுக்கு இந்தப் பாடத்தை எடுப்பதே இந்த மகானுபாவர்தான்.

செல்லுக்குள் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவில் சர்க்கரையை எரியவிடாமல் தடுக்கும் ஒரு நொதியின் பின்னால் அவள் இரண்டு வருடமாக அலைகிறாள். நோயுற்ற தசையில் அது கூடுதலாக இருக்கிறது என்பதற்கு அவளிடம் இருந்த ஒரே சாட்சி, தசைப் புரதம் ஏற்றிய பட்டையைப் படமெடுத்தால் விழும் கறுப்புக் கோடு. அது அந்த நொதியின் கோடுதானா என்று ஆய்விதழிலிருந்து கேட்டுவிட்டார்கள். கேள்வி நியாயமானது, எரிச்சலே அதனால்தான். நொதியைத் தேடிப் பிடிக்கும் ஆன்டிபாடியோடு, அதே நொதியின் துண்டான இந்தப் பெப்டைடை முன்பே கலந்துவிட்டால் அதன் கை நிரம்பிவிடும், கோடு மறையும். மறையாவிட்டால், இத்தனை நாளும் வேறு எதையோ பிடித்துக்கொண்டு நொதி நொதி என்று கத்தியிருக்கிறாள் என்று அர்த்தம்.

கையுறையை மாட்டிக்கொண்டு குப்பைத்தொட்டியைக் கவிழ்த்தாள். அத்தனையும் நீல மூடிகள். வீட்டுக்காரர் போனில் கிளம்பிட்டியா என்றார். "குப்பை பொறுக்கிட்டிருக்கேன்," என்றாள். அவர் சிரித்ததும் போனை வைத்துவிட்டாள்.

"கெடைச்சுடும்மா."

"நீங்க கொஞ்சம் பேசாம இருங்கண்ணா."

ஒரு மூடியின் உட்புறம் மட்டும் மாவு பூசியதுபோல் இருந்தது. ஒரு சொட்டு நீர் விட்டு அலசி எடுத்தாள்.

மறுநாள் மதியம் இருவரும் திரைக்கு முன்னால் நின்றார்கள். பெப்டைடு கலக்காத பட்டையில் கோடு வந்தது. கலந்த பட்டையிலும் வந்தது, கொஞ்சம் வெளிறி.

"மூடியில பாதிதான் இருந்திருக்கும். பத்தலை," என்றார் அவர். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "என் தப்புதாம்மா," என்றார்.

அந்த மனிதர் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை அதுவரை வந்ததில்லை. திட்டுவதற்கு அவள் ராத்திரியெல்லாம் சேர்த்துவைத்திருந்தது வீணாய்ப் போனது. அவர் மேல் தப்பு என்றால் கோடு இன்னும் அவளுடையதுதான். அந்த ஆறுதலை நினைக்க அவளுக்கே வெட்கமாக இருந்தது.

"இன்னொரு புட்டி வரவழைச்சிடவா? நானே சொல்லிடறேன்."

அவள் அலசிய மூடியை எடுத்துக் காலிப் புட்டியில் வைத்துத் திருகிப் பார்த்தாள். லூசாக இல்லை, நன்றாகவே இறுகியது; வரும் வழியில் எதுவும் சிந்தியிருக்காது. படம் பதியப் பதிய, திரையில் அந்த இரண்டாவது கோடு மெல்லக் கறுத்துக்கொண்டிருந்தது.