சுபாஷிணியின் பசி

கொச்சியில் செல்லதுரை புரோட்டா போட்டால் தோப்பும்படி வட்டாரமே வரிசையில் நிற்கும். அப்படிப்பட்ட மாஸ்டரின் ஒரே மகள் சுபாஷிணி, பத்து வயது. அவள் கைக்கு எட்டாதபடி சோற்றுப் பானையை அலமாரியில் வைத்துப் பூட்டினாள் அம்மா வசந்தி.

வேறென்ன செய்வாள்? மூன்று ஆள் சோற்றைத் தின்றுவிட்டு, அரைமணியில் "அம்மா, பசிக்கி" என்று வந்து நின்றது பிள்ளை. உடம்போ இளைத்துக்கொண்டே போயிற்று. கை நடுங்கியது, ஃபேனுக்கு அடியிலும் வியர்த்துக் கொட்டியது. குடல்புழுதான் என்று முடிவுகட்டி மூன்று முறை பூச்சிமருந்து கொடுத்தாள். சோறு போடப் போடப் புழுதான் கொழுக்கும் என்று இஞ்சிக் கிடங்கில் அவளோடு வேலை பார்த்தவர்கள் சொன்னார்கள். அதனால் வந்தது அந்தப் பூட்டு.

ஒருநாள் பக்கத்து வீட்டு ஸுப்ரியா, "மோளு எங்கட அடுக்களயில் கேறி புட்டு முழுவன் தின்னு, கேட்டோ" என்றாள். அவர்கள் அடுக்களைக்குள் புகுந்து புட்டு முழுவதையும் பிள்ளை தின்றுவிட்டதாம். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். வசந்திக்கு மானம் போயிற்று.

"களவாணி! இனி பசிக்குன்னு வாயத் தொறந்தா சூடு வச்சிருவேன்" என்று பிள்ளையை விளாசிவிட்டாள். அதன்பின் சுபாஷிணி பசியென்று சொல்லவே இல்லை. மருந்து கேட்டுவிட்டது என்று வசந்தி கோயிலில் தேங்காய் உடைத்தாள். என்ன சொல்ல!

கழுத்துக் கட்டியைக் கண்டுபிடித்தது பள்ளிக்கூடத்துக்கு வந்த நர்ஸ். எறணாகுளத்து டாக்டர் படமெடுத்துப் பார்த்தார். தைராய்டில் வளர்ந்த கட்டி, தன் இஷ்டத்துக்கு ஹார்மோனைச் சுரந்து தள்ளுகிறதாம். தின்றதையெல்லாம் உடம்பு எரித்துவிடுகிறதாம். மாத்திரையால் அடக்கிவிட்டு அறுத்தெடுத்தால் சரியாகிவிடும் என்றார்.

"பாவம் குட்டி, எத்தனை பசிச்சிருக்கும்!" என்றும் சொன்னார். வசந்தியின் காதில் அதுமட்டும்தான் நின்றது. அன்றிலிருந்து தட்டோடு பிள்ளையின் பின்னாலேயே அலைந்தாள். வைத்ததைத் தின்றாள் சுபாஷிணி. இன்னும் வேண்டுமென்று ஒருநாளும் கேட்கவில்லை.

ஆபரேஷன் அன்று காலையிலிருந்து ஒன்றும் கொடுக்கக் கூடாது என்றிருந்தார்கள். பதினொரு மணியாகியும் கூப்பிடவில்லை.

"பசிக்கா தாயி?"

"இல்லம்மா."

"சும்மா சொல்லு. அம்மா ஏசமாட்டேன்."

"பசிக்கவே இல்லம்மா."

ஊசி போட வந்த நர்ஸும் குனிந்து அதையே கேட்டாள்: "விசக்குன்னுண்டோ மோளே?"

சுபாஷிணி அம்மாவை ஒருமுறை பார்த்தாள். பிறகு நர்ஸின் காதருகே போய், "நல்ல விசப்புண்டு சேச்சி. அம்மையோடு பறயல்லே" என்றாள். பக்கத்தில் நின்ற வசந்திக்கும் அது கேட்டது.

ரொம்பப் பசிக்கிறது, அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள். மட்டாஞ்சேரிக்கு வந்து பன்னிரண்டு வருஷமான வசந்திக்கு மலையாளம் ஒரு சொல் விடாமல் புரியும்.