வலது மூலையில் ஒரு மேடு

அலுவலகத்தில் அவளைத் தராசு என்றுதான் கூப்பிடுவார்கள். சந்தைக்கு வரப்போகும் லேப்டாப்களை வாங்கி வைத்துப் பத்து நாள் பழகிப் பார்த்து, இது தேறும், இது தேறாது என்று பத்திரிகையில் எழுதுவது அவள் வேலை. எவ்வளவு பாராட்டினாலும் கூடவே ஒரு குட்டு வைக்காமல் விடமாட்டாள். அதனால் வந்த பெயர்.

அந்த வாரம் வந்தது அவள் கையால் தொட்டவற்றிலேயே விலை உயர்ந்தது. படம் வெட்டி ஒட்டுகிறவர்களுக்கும் இசையமைக்கிறவர்களுக்கும் என்றே செய்தது. விற்பனைக்கு வர இன்னும் ஒரு மாதம் இருந்தது. மூடியைத் திறந்ததும் அவளே ஒரு நிமிடம் வாயடைத்துப் போனாள். திரையில் கறுப்பு என்றால் கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கிற கறுப்பு. ஆறு ஸ்பீக்கர். கண்ணை மூடிக் கேட்டால் பாடுகிறவர் எதிரே உட்கார்ந்திருப்பது போல இருந்தது.

வீட்டிலிருந்தே வேலை பார்த்தாள். காரணம் மாமனார். நாற்பது வருஷம் பேருந்து ஓட்டியவர். இப்போது நுரையீரல் பழுதாகி, மூக்கில் குழாயும் கட்டிலருகில் ஆக்சிஜன் இயந்திரமுமாகப் படுத்திருந்தார். கணவன் காலையில் கிளம்பினால் இருட்டிய பிறகுதான் வருவான். பகலெல்லாம் அவளும் மாமாவும் அந்த இயந்திரத்தின் உறுமலும்தான்.

மாமாவுக்குக் காதும் மந்தம். டிவியில் பேசுவது எதுவும் பிடிபடாது என்று வருஷக்கணக்காகப் படமே பார்க்கவில்லை. ஸ்பீக்கரைச் சோதிக்கிற சாக்கில் அவருக்கு ஒரு பழைய படத்தைப் போட்டுக் காட்டினாள். பத்து நிமிடம் கழித்து மனிதர் வாய்விட்டுச் சிரித்தார்.

"நாப்பது வருஷம் இன்ஜின் பக்கத்துல உக்காந்த காதும்மா இது. இதுக்கே கேக்குதுன்னா, பொட்டிக்காரன் கெட்டிக்காரன்தான்."

"பலம் பக்கத்துல எழுதிக்கறேன் மாமா."

"எழுது. கூடவே கனம் ஜாஸ்தின்னும் எழுது. மடியில வெச்சா செங்கல்ல வெச்ச மாதிரி இருக்கு."

அதன் பிறகு தினமும் மத்தியானம் அவருக்கு ஒரு படம். அடியில் காற்றுப் போக வேண்டும் என்று மரப்பலகை ஒன்றையும் கொடுத்திருந்தாள்.

ஏழாம் நாள் மத்தியானம். மாமா உள்ளறையில் படம் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் முன்னறை மேசையில் நோட்டை விரித்து, நடுவே கோடு போட்ட பக்கத்தைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். இடப்பக்கம் பலம். வலப்பக்கம் பலவீனம். பலத்தில் எழுத இடம் போதவில்லை. பலவீனத்தில் கனம், விசிறிச் சத்தம், சீக்கிரம் சூடாவது. அதன் கீழே முந்தின நாள் எழுதிய இரண்டு வரி.

'டச்பேடின் வலது மூலையை அழுத்தினால் உள்ளே போவதில்லை. முதல் நாள் போயிற்று.'

'மேசையில் வைத்தால் ஆடுகிறது. அடிக்கால்கள் சமமாக இல்லை போலும்.'

தனித்தனியாக எழுதும்போது இரண்டும் சில்லறைக் குறைகளாகத் தெரிந்தன. அடுத்தடுத்துப் படித்தபோது பேனா நின்றது. ஒரு முறை பழுதுபார்க்கும் கடையில், தலையணை மாதிரி உப்பிப்போன பேட்டரி ஒன்றை மேசைமேல் வைத்து, "இது முதல்ல டச்பேடைத் தூக்கும். அப்புறம் அடித்தகட்டைத் தள்ளும். அப்புறம் நாம ஓடணும்" என்று கடைக்காரர் சிரித்துக்கொண்டே சொன்னது நினைவுக்கு வந்தது.

உள்ளறையில் ஆக்சிஜன் இயந்திரம் உறுமிக்கொண்டிருந்தது.

ஓட வேண்டும் என்று நினைத்தாள். கால்கள் நடக்கத்தான் செய்தன. உள்ளறை வாசற்படி தாண்டும்போதே ஒரு வாடை. நகப்பூச்சு அழிக்கிற திரவம் போல இனிப்பு கலந்த நெடி. மாமா பலகையைக் கட்டிலோரம் சாய்த்து வைத்துவிட்டு, போர்வைக்கு மேலேயே லேப்டாப்பை வைத்திருந்தார்.

"மாமா, அசையாதீங்க."

"ஏம்மா? நல்ல கட்டம் ஓடுது."

"சூடா இருக்கா?"

"இதமா இருக்கு. முட்டி வலிக்கு ஒத்தடம் கொடுத்த மாதிரி."

டச்பேடின் வலது மூலை விரற்கடை அளவு எழும்பி நின்றது. முதலில் எதைத் தொடுவது? லேப்டாப்பையா, அவர் மூக்குக் குழாயையா? நெருப்புப் பிடித்தால் அந்த ஆக்சிஜனே அதற்குத் தீனி. ஆக்சிஜன் இயந்திரத்தை நிறுத்தினால் மூச்சு எத்தனை நிமிடம் தாங்கும்? கை அதற்குள் இயந்திரத்தின் சுவிட்சை அணைத்துவிட்டிருந்தது. உறுமல் நின்றது. சார்ஜர் வயரைச் சுவரிலிருந்து பிடுங்கினாள். மரப்பலகையை லேப்டாப்புக்கு அடியில் மெல்லச் செருகித் தூக்கினாள். படத்தில் யாரோ பேசிக்கொண்டே இருந்தார்கள், மிகத் தெளிவாக.

பால்கனி பதினெட்டு அடி தூரம்தான். கையில் பச்சைக் குழந்தையை ஏந்தியவள் போல, குலுங்காமல், அடிமேல் அடி வைத்து நடந்தாள். நடக்க நடக்க லேப்டாப்புக்குள் 'டிக்' என்று ஏதோ தெறித்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சிமென்ட் தரையில் மூலையில் வைத்து, கொடியிலிருந்த துணிகளை வாரி உள்ளே எறிந்து, கண்ணாடிக் கதவைச் சாத்தி மூன்று எட்டு வைப்பதற்குள் சீறல் கேட்டது. திரும்பிப் பார்த்தபோது பால்கனி முழுக்க வெள்ளைப் புகை. அதற்குள்ளிருந்து நெருப்பு நாக்கு ஒன்று குத்திட்டு எழுந்தது.

மாமா கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது.

"என் தோளைப் பிடிங்க. வெளிய போறோம்."

"மூச்சு..."

"பேசாதீங்க. நடங்க போதும்."

வாசல் கதவுக்கு வெளியே, மாடிப்படியில் அவரை உட்கார வைத்தாள். வெளியே போகும்போது எடுத்துச் செல்கிற சின்ன சிலிண்டரை ஓடிப்போய் எடுத்து வந்து, மூன்றாம் முறையில்தான் குழாயை மாட்டினாள். கீழ்வீட்டுத் தையற்காரம்மா புகையைப் பார்த்துவிட்டு மூச்சிரைக்க மேலே வந்தாள். தீயணைப்பு வண்டிக்குச் சொன்னதும் அவள்தான். வண்டி வந்து தண்ணீர் அடித்தபோது பால்கனிக் கதவு நெடுக விரிசல் விட்டிருந்தது. லேப்டாப் இருந்த இடத்தில் கருகிய தகடு ஒன்று கிடந்தது.

மறுநாள் லேப்டாப் கம்பெனியிலிருந்து ஒரு பெண் பேசினாள். குரலில் தேன் வடிந்தது.

"ரொம்ப வருத்தமா இருக்கு மேடம். ஆனா போர்வை மேல வெச்சிருந்ததா சொல்றீங்களே. அப்படி வைக்கக் கூடாதுன்னு கையேட்டுலயே இருக்கு."

போர்வை உண்மைதானே. அறிகுறி தெரிந்தும் ஒரு நாள் முழுக்க அதைக் குறை என்று எழுதிவிட்டுச் சும்மா இருந்ததும் உண்மைதானே. முந்தின இரவெல்லாம் அதுதான் அவளை அரித்திருந்தது.

பிறகு பத்திரிகை ஆசிரியர் பேசினார். "ஒரே ஒரு மெஷின்ல நடந்தது. எல்லாத்துலயும் நடக்கும்னு நம்மால சொல்ல முடியுமா?"

"முடியாது சார். நடக்காதுன்னும் சொல்ல முடியாது."

"போர்வையைக் காட்டி நம்மளைக் கோர்ட்டுக்கு இழுப்பாங்கம்மா."

போனை வைத்துவிட்டு உள்ளறைக்குப் போனாள். மாமாவுக்குப் பாதி கேட்டிருக்க வேண்டும். மீதியை முகத்தில் படித்துக்கொண்டார்.

"போர்வை மேல வெச்சது நான். கிழவன் சொன்ன பேச்சு கேக்காம வெச்சான்னு எழுது. மறைச்சா உன் பேச்சு எடுபடாது. அதுக்கு முன்னாடியே அது உப்பியிருந்துதா இல்லையா?"

"உப்பியிருந்துச்சு."

"எப்படித் தெரியும்?"

அப்போதுதான் பொறி தட்டியது. கட்டுரைக்காக, தீப்பிடித்ததற்கு முந்தின நாள் காலையில் பக்கவாட்டிலிருந்து படம் எடுத்திருந்தாள். போனைத் திறந்து பெரிதாக்கிப் பார்த்தாள். மேசைமேல், போர்வை எதுவும் இல்லாமல், வலது மூலையில் அரிசி உயரத்துக்கு ஒரு மேடு. தேதியும் நேரமும் இருந்தன. படத்தைப் பார்த்து நிம்மதி வரவில்லை. இருபத்தெட்டு மணி நேரம் அந்த மேட்டோடு ஒரே கூரையின் கீழ் இருந்திருக்கிறார்கள்.

அன்றே எழுதினாள். திரை எவ்வளவு அழகு என்று எழுதினாள். காது கேளாத ஒருவரைச் சிரிக்க வைத்த ஒலியை எழுதினாள். கனத்தை எழுதினாள், போர்வையை எழுதினாள், தன் அசட்டையையும் எழுதினாள். படத்தைத் தேதியோடு சேர்த்து அனுப்பினாள். மூன்றாம் நாள் ஆசிரியர், அந்தப் படம் போதும் என்று, ஒரு வரி விடாமல் அச்சேற்றினார்.

அடுத்த வாரம் கம்பெனி விற்பனையைத் தள்ளிவைத்தது. காரணம் என்று எதுவும் சொல்லவில்லை. அதே நாள் முகம் தெரியாத ஒருவர் இன்னொரு பத்திரிகையிலிருந்து போன் செய்தார். அவரிடமும் அதே லேப்டாப் ஒன்று சோதனைக்கு வந்திருந்ததாம்.

"உங்க கட்டுரையைப் படிச்சுட்டு இப்பதான் தடவிப் பார்த்தேங்க. என் மெஷின்லயும் மூலை தூக்கிட்டிருக்கு. பக்கத்து ரூம்ல என் பொண்ணு தூங்குறா. நான் இப்ப என்ன பண்ணணும்?"

அவள் நாற்காலியை விட்டு எழுந்தாள்.

"சார்ஜர்ல இருந்தா சுவர்லேர்ந்து பிளக்கைப் பிடுங்குங்க. உடனே பொண்ணை வெளிய அனுப்புங்க. போனை வைக்காதீங்க. நான் லைன்லயே இருக்கேன்."