வலது கரை

கால் கட்டைவிரல் நகத்தை வெட்டி முடித்து அக்கா அடுத்த விரலைப் பிடித்தபோதுதான் தம்பி அதைச் சொன்னான்.

"நான் உரல்ல எறங்கலக்கா."

எந்த உரல் என்று அவள் கேட்கவில்லை. அந்த வீட்டுப் பேச்சில் இருந்தது ஒரே ஒரு உரல்தான். நகவெட்டியை விரலில் வைத்தபடியே அவனை நிமிர்ந்து பார்த்தாள். படுக்கையின் தலைப்பக்கத்தை உயர்த்தி வைத்திருந்ததால் அவன் முகம் ஜன்னலைப் பார்த்திருந்தது. மூன்று மாத நோயில் உடம்பு பாதியாகிவிட்டது. குரல் மட்டும் இன்னும் அவனுடையதாகவே இருந்தது.

தம்பிக்கு ஐம்பத்து மூன்று வயது. பொய்ப்பல் செய்யும் கூடத்தில் இருபத்தேழு வருட வேலை. வாரம் ஐந்து நாள் மெழுகும் அச்சு மாவுமாக யார் யாருடைய வாயையோ நேராக்கிக்கொண்டிருப்பான். சனிக்கிழமை விடிந்தால் கயாக் என்கிற ஒற்றையாள் துடுப்புப் படகைக் காரின் மேல் கட்டிக்கொண்டு ஏதாவது காட்டாற்றைத் தேடிக் கிளம்பிவிடுவான். இங்கே முங்கி அங்கே எழுவதால் படகுச் சங்கத்தில் அவனுக்கு நீர்க்காகம் என்று பெயர். அவனும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அவளும் செய்துகொள்ளவில்லை. கொஞ்ச காலம் சொந்தக்காரர்கள் கேட்டார்கள், பிறகு அவர்களுக்கே அலுத்துவிட்டது.

கயாக் ஓட்டுகிறவர்களுக்குக் கனவு ஆறுகள் உண்டு. மற்றவர்கள் வீட்டுக்கும் நிலத்துக்கும் ஏங்குவதுபோல இவர்கள், வருடத்தில் மூன்றே வாரம் சரியான அளவில் தண்ணீர் ஓடும் ஏதோ ஒரு மலையாற்றுக்கு ஏங்குவார்கள். தம்பியின் பட்டியலில் ஏழு ஆறுகள் இருந்தன. ஐந்தை முடித்துவிட்டான். ஒன்றில் அணை கட்டிவிட்டார்கள். ஏழாவது ஆற்றுக்கு வரைபடத்தில் நல்ல பெயர் ஒன்று உண்டு. ஆனால் படகோட்டிகள் அதை அடங்காப்பிடாரி என்றுதான் சொல்வார்கள். அதன் நடுவில், இரண்டு பாறைகள் நெருக்க, ஆறு முழுவதும் இரண்டு மாடி உயரத்திலிருந்து ஒரு குழிக்குள் விழுந்து இடிபடும் இடம்தான் உரல். அதற்குள் இறங்கி உயிரோடு வெளியே வந்தவன் நீர்க்காகம் ஒருவன்தான் என்பது பதினோரு வருடப் பெருமை.

அவன் அங்கே போன அன்றைக்கும் அக்காதான் கார் ஓட்டினாள். ஆற்றின் மேல்முனையில் அவனை இறக்கிவிட்டு, சுற்றுவழியாகப் போய்க் கீழ்முனையில் காத்திருப்பது எப்போதுமே அவள் வேலை. எல்லா ஆறுகளின் கடைசி நூறு அடியும் அவளுக்கு அத்துப்படி. நடுவில் என்ன இருக்கிறது என்று ஒன்றைப் பற்றியும் தெரியாது. கூட வரவேண்டிய நண்பனுக்குக் காய்ச்சல் என்று தம்பி தனியாகவே இறங்கியிருந்தான். மூன்று மணிக்கு வரவேண்டியவன் ஐந்தேகாலுக்குத்தான் வளைவில் தெரிந்தான். பாலத்தின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அவள் தொண்டை கிழியக் கத்தினாள்: "முடிச்சிட்டியாடா?" அவன் துடுப்பை உயர்த்திக் காட்டினான்.

"துடுப்பத் தூக்கினியேடா" என்றாள் இப்போது.

"உயிரோட வந்துட்டேன்னு தூக்கினேன். நான் கரைக்கு வர்றதுக்குள்ள நீ ஊருக்கே போன் போட்டு முடிச்சிட்ட."

"அப்பவே சொல்லியிருக்க வேண்டியதுதானே?"

"வாத்தியார் போன்ல அழுதாருக்கா. நீச்சல் வாத்தியார். அந்த மனுஷன் அழுது நீ பாத்திருக்கியா?" சிரிக்கப் பார்த்தான், இருமல்தான் வந்தது. அவள் முதுகைத் தாங்கிப் பிடித்து இரண்டு வாய் தண்ணீர் கொடுத்தாள். "உன் மேல தப்பில்லக்கா. தூக்கின கை என்னோடது."

"என்னதான்டா நடந்துச்சு?"

"மேல பாறையில ஒரு மணி நேரம் நின்னேன். எங்க போகணும்னு தெளிவாத் தெரிஞ்சுது. இடது பக்கமா, பாறைய ஒட்டி, மூணே தடவ துடுப்பு போட்டாப் போதும். கண்ணுக்கு எல்லாம் தெரிஞ்சுது. காலுதான் படகுக்குள்ள போகல."

அதன் பிறகு அவன் சொன்னது முழுக்கப் படகைச் சுமந்து நடந்த கதை. வலது கரையில் ஏறினானாம். முதலில் ஒரு சறுக்குப்பாறை, அதில் படகை முன்னால் தள்ளிவிட்டுத் தவழ வேண்டும். பிறகு இரண்டு பாறைகளுக்கு நடுவே ஒரு சந்து, படகை நிமிர்த்திப் பிடித்தால்தான் நுழையும். அதைத் தாண்டினால் ஒரு மேடை மாதிரி இடம். அங்கிருந்து பார்த்தால் உரல் காலடியில் தெரியும். தரை அதிர்வது உள்ளங்காலில் ஏறும்.

"அங்க உக்காந்து ஒரு பாக்கெட் பிஸ்கட்ட முழுசாத் தின்னேன்" என்றான். "அவ்வளவு அழகாக்கா அது. யார்கிட்டயாவது சொல்லணும்னு இருந்துச்சு. எப்படிச் சொல்றது? உள்ள விழுந்து வந்தவனுக்கு மேலருந்து பாக்க ஏது நேரம்?"

ஆற்றிலிருந்து திரும்பிய அன்று சாயங்காலம் அவன் தோள் இரண்டும் உரிந்திருந்தன. மருந்து போட்டவள் அவள்தான். துடுப்பு போட்டதில் ஆனது என்று ஒரு காரணத்தையும் அவளே மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். அதற்குப் பிறகும் ஒரே மேஜையில் பதினோரு வருடம் சாப்பிட்டிருக்கிறார்கள்.

"யார்கிட்டயும் சொல்லிடாதக்கா."

"சொல்லலடா."

"சத்தியமா?"

"இந்த வயசுல சத்தியம் வேற. கால நீட்டு."

அவன் காலை நீட்டினான். மிச்சமிருந்த நகங்களையும் வெட்டித் துண்டுகளைக் காகிதத்தில் மடித்து எடுத்தாள். சமையலறையில் துணி துவைக்கும் இயந்திரம் முடிந்துவிட்டதென்று கத்த ஆரம்பித்தது. போய் நிறுத்தினாள். ஈரத் தலையணை உறைகளை உதறிக் கொடியில் போட்டாள், நான்கு உறைகள்தான். திரும்பி வந்தபோது ஜன்னலைப் பார்த்திருந்த முகம் அப்படியே இருந்தது. ஆள் இல்லை. மணி நாலு பத்து.

மறுநாள் மின்மயானத்தின் கூடத்தில் நாற்பது நாற்காலி போட்டிருந்தார்கள். படகுச் சங்கத்தார் வந்ததால் அவை போதவில்லை. யாரோ அவனுடைய ஹெல்மெட்டை, உடல் இருந்த பெட்டியின் மேல் வைத்திருந்தார்கள். சின்ன வயதில் தம்பிக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்த வாத்தியார் எழுந்து பேசினார். எழுபது வயதிலும் குளக்கரையில் நின்று அதட்டுகிற குரல் அவருக்கு. அடங்காப்பிடாரியை அடக்கிய ஒரே ஆள் என்றார். உரலுக்குள் போய்ச் சிரித்துக்கொண்டே வந்தவன் என்றார். அழுகைக்கு இது இடமில்லை, கை தட்டுங்கள் என்றார். எல்லாரும் தட்டினார்கள். முதல் வரிசையில் தனியாக உட்கார்ந்திருந்த அக்காவும் தட்டினாள்.

எல்லாம் முடிந்து அவள் காருக்குப் போகும்போது பின்னாலேயே ஒரு பெண் ஓட்டமும் நடையுமாக வந்தாள். நகரப் பேருந்து ஓட்டுகிறவள், முப்பத்தைந்து வயது இருக்கும். சங்கத்தில் தம்பிக்குப் பிறகு யார் என்று கேட்டால் இவளைத்தான் காட்டுவார்கள். வேலைக்கு நடுவில் வந்திருந்ததால் சீருடையிலேயே இருந்தாள். அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அடுத்த மாசம் பதினாலாம் தேதி போறேன்க்கா. லீவு கெடச்சிடுச்சு. அண்ணன்கிட்ட நேர்ல சொல்லலாம்னு இருந்தேன்."

"எங்கம்மா?"

"பிடாரிக்குத்தான். அண்ணன் போன வழியிலயே போறேன். இடது பக்கம், பாறைய ஒட்டி, மூணு துடுப்பு. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன்."

 அக்கா வாக்குக் கொடுத்து இன்னும் ஒரு நாள் கூட ஆகவில்லை. கூடத்தின் புகைபோக்கியை நிமிர்ந்து பார்க்கக் கூடாதென்று தரையையே பார்த்தாள். அந்தப் பெண்ணின் கறுப்புக் காலணியில் ஒரு நாடா அவிழ்ந்து கிடந்தது.

"அவன் எறங்கலம்மா."

"யாரு?"

"தம்பி. அவன் உரல்ல எறங்கவே இல்ல. படகத் தூக்கிக்கிட்டு நடந்து வந்தான். நேத்துதான் சொன்னான்."

பேருந்துக்காரி கையை விட்டுவிட்டாள். கூடத்தைத் திரும்பிப் பார்த்தாள். வாசலில் வாத்தியாரைச் சுற்றிச் சிரிப்புச் சத்தம் கேட்டது.

"இப்பத்தானே உள்ள எல்லாரையும் கை தட்ட வெச்சாரு."

"ஆமா. நானும் தட்டினேன்."

"அண்ணன் எனக்குப் படம் போட்டுக் குடுத்தாரேக்கா. அம்புக்குறியெல்லாம் போட்டு. மூணு வருஷமா சிக்னல்ல நிக்கும்போதெல்லாம் அதத்தான் மனசுல ஓட்டிக்கிட்டு இருக்கேன்." அவள் குரல் ஏறி உடைந்தது. "நான் செத்திருந்தா?"

 "அவன் பாத்தது நெசம். போனதுதான் பொய்" என்றாள் அக்கா. சொன்ன பிறகு அது தம்பிக்காக வாதாடுவதுபோல அவளுக்கே பட்டது.

இருவரும் காரின் இரண்டு பக்கமும் நின்றார்கள். பேருந்துக்காரி குனிந்து நாடாவைக் கட்டினாள். ஒரு காலைக் கட்டி முடித்து, அவிழாத இன்னொன்றையும் அவிழ்த்துக் கட்டினாள். பிறகு எழுந்து முகத்தைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டாள்.

"எந்தக் கரையில நடந்தாரு?"

"வலது."

சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தாள். எழுத வேறு காகிதம் இல்லாததால், கூடத்தில் கொடுத்த, தம்பியின் படம் போட்ட அட்டையைக் கார் மேல் கவிழ்த்து வைத்துக்கொண்டாள். அக்கா சொல்லச் சொல்ல எழுதினாள். சறுக்குப்பாறை. படகை முன்னால் தள்ள வேண்டும். சந்து, நிமிர்த்தினால்தான் நுழையும். மேடை. ஒன்றரை மணி நேரம்.

"அங்க உக்காந்து பிஸ்கட் தின்னானாம்" என்றாள் அக்கா.

பேருந்துக்காரி அதையும் எழுதினாள்.

"சொல்ல வேணாம்னு சொல்லியிருப்பாரே அண்ணன்."

"சொன்னான்."

அவள் தலையாட்டினாள். மற்றவர்களிடம் சொல்லப் போகிறாளா, பதினாலாம் தேதி போகப் போகிறாளா, எதையும் சொல்லவில்லை. அட்டையைப் பையில் வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, வண்டி எடுக்க நேரமாகிவிட்டது என்று போய்விட்டாள். வாத்தியார் தூரத்திலிருந்து கையசைத்தார். அக்காவும் கையசைத்துவிட்டுக் காரில் ஏறினாள்.

அந்த மாதம் முழுக்க யாரும் வரவில்லை. வாத்தியார் ஒருமுறை தொலைபேசியில் பேசினார். அவர் குரலில் எந்த மாற்றமும் இல்லை. மூன்றாவது வாரம் அக்கா வேலைக்குத் திரும்பினாள். மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்கட்டில், சட்டத்துக்கு ஏற்றபடி கண்ணாடிகளின் விளிம்பை அரைத்துக் கொடுப்பது அவள் வேலை. முன்பெல்லாம் மதியம் தம்பிக்குப் போன் போட்டு, சாப்பிட்டானா என்று கேட்பாள். இப்போது அந்த நேரத்திலும் வேலை பார்த்தாள்.

பதினாலாம் தேதி காலையிலிருந்து இரண்டு கண்ணாடிகளை அளவு தப்பி அரைத்துவிட்டாள். முன்கட்டில் இருந்த பையன்கள் சாப்பிடப் போனார்கள், திரும்பி வந்தார்கள், சாயங்காலம் விடைபெற்றும் போனார்கள். அவள் விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஐந்தே முக்காலுக்குச் செய்தி வந்தது.

"கரை சேந்துட்டேன்க்கா."

அவ்வளவுதான். எந்த வழியாக என்று அதில் இல்லை. கேட்கலாமென்று இரண்டு எழுத்து தட்டினாள். அழித்தாள். "சரிம்மா" என்று அனுப்பினாள்.

பிறகு, அங்கே யாரும் இல்லாததால், அந்தச் செய்தியை ஒருமுறை வாய்விட்டுப் படித்தாள். அரைக்கும் சக்கரத்தைப் போட்டாள். மேலிருந்த குழாயிலிருந்து நூல் மாதிரித் தண்ணீர் இறங்கி, யாருடையதோ ஒரு கண்ணாடியின் மேல் வழிந்துகொண்டிருந்தது.